வாசகர் கேள்வி பதில்: இலவச விளையாட்டில் கடை எங்கே இருக்கிறது?

கேள்வி: அரக்கர்களை வீழ்த்தி, அவர்களிடமிருந்து விழும் வாள், கவசம் போன்றவற்றைச் சேகரிக்கும் அதிரடி விளையாட்டுகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. விடுதித் தோழர்கள் சேர்ந்து விளையாட அழைக்கிறார்கள். இவற்றில் நேரம் செலவிடுவது தகுமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: சிலவற்றில் தகும், பலவற்றில் தகாது. எது எந்த வகை என்று அறிய வேண்டுமானால், அந்த விளையாட்டின் படங்களையும் விளம்பரத்தையும் பார்ப்பதைவிட, அதற்குள் கடை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த வகைக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தது, 1997ஆம் ஆண்டையொட்டி பிளிஸர்டு நிறுவனம் வெளியிட்ட டயாப்லோ. கொல்வது, கீழே விழுந்ததை எடுப்பது, அணிந்து பார்ப்பது, நேற்று நம்மை வீழ்த்தியவனை இன்று தேடிப் போவது என்ற இந்தச் சுற்றுதான் அதன் முழு ஆட்டமும். விழும் பொருள்களை விளையாடுவோர் லூட் என்பார்கள். அந்தக் காலத்தில் குறுந்தகட்டை ஒரு முறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அத்துடன் கணக்கு முடிந்தது. நல்ல வாள் நூறு அரக்கர்களுக்கு ஒரு முறை விழ வேண்டுமா, ஆயிரம் அரக்கர்களுக்கு ஒரு முறை விழ வேண்டுமா என்பதைத் தீர்மானித்தவருக்கு, ஆட்டம் சுவையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு அக்கறை இருந்திருக்க வழியில்லை. இலவச விளையாட்டில் அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பவருக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. நீங்கள் உள்ளே வந்த பிறகுதான் அவருக்கு வருமானமே தொடங்குகிறது.

ஆகவே அவர் எதை விற்கிறார் என்பதே கேள்வி. உடையையும் ஒளிரும் இறக்கைகளையும் விற்றால் உங்கள் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. பொருள்களை வைத்துக்கொள்ள இடம் விற்றால் சற்று யோசிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தை விற்றால் மேலும் யோசிக்க வேண்டும். அதிர்ஷ்டத்தையே விற்றால் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை, வெளியே வந்துவிடலாம்.

இந்த அளவுகோலில் என் முதல் பரிந்துரை பாத் ஆஃப் எக்ஸைல். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் வெளியிட்டது. 2018இல் அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைச் சீனாவின் டென்சென்ட் வாங்கியது. கதையின் 10 அங்கங்களும், அவற்றுக்குப் பிறகு வரும் நீண்ட ஆட்டமும் முழுமையாக இலவசம். எந்த வாளையும் காசு கொடுத்து நிறுவனத்திடம் வாங்க முடியாது. அங்கே விற்கப்படுவது அலங்காரமும், ஸ்டாஷ் டேப் எனப்படும் பெட்டக அறைகளும். 4 அறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; கதையை முடிக்கும்வரை அவை போதும். அதன் பிறகும் தீவிரமாகத் தொடர்ந்தால் அந்த 4 அறைகளும் தை மாதத்துக்கு முந்தைய நாள் பரண்போல ஆகிவிடும், அப்போது ஓரிரு அறைகள் வாங்கத் தோன்றும். எனவே "முற்றிலும் இலவசம்" என்று சொல்வது சற்று மிகை. ஆனால் அது விலை தெரிந்த, ஒரே முறை செய்யும் செலவு. நானும் செய்திருக்கிறேன், வருந்தவில்லை.

அந்த விளையாட்டில் நான் மிகவும் ரசிப்பது அதன் நாணயமுறை. வீரர்கள் தங்களுக்குள் பொருள் மாற்றிக்கொள்ளும்போது பொற்காசு கைமாறுவதில்லை. ஒரு வாளின் தன்மையை மாற்றவும் மேம்படுத்தவும் பயன்படும் கேயாஸ் ஆர்ப், டிவைன் ஆர்ப் போன்ற மந்திரக் கற்களே அங்கே பணமாகப் புழங்குகின்றன. நெல்லைக் கூலியாக அளந்த காலத்தில் அதைக் கொடுத்து உப்பும் வாங்கலாம், குத்திச் சோறாக்கியும் உண்ணலாம் அல்லவா, அதே ஏற்பாடுதான். பணத்துக்கே ஒரு பயன் இருப்பதால் ஒவ்வொரு கல்லையும் செலவழிப்பதா சேமிப்பதா என்ற சிந்தனை விளையாட்டுக்குள் ஒரு தனி விளையாட்டாகிறது.

குறையும் சொல்லிவிட வேண்டும். வீரனின் திறன்களைத் தேர்ந்தெடுக்கும் வரைபடத்தில் 1300க்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. வழி தெரியாமல் உருவாக்கிய முதல் வீரன் பாதியில் திணறிப்போவது பெரும்பாலும் உறுதி. வலியவந்து கற்றுக்கொடுக்கும் தோழர்கள் விடுதியில் இருக்கிறார்கள் என்றால், உங்கள் நிலை பலரைக் காட்டிலும் மேல்.

கேள்வி: ஒரு நல்ல பொருள் கிடைத்ததும் எழுந்துவிடலாம் என்றுதான் உட்காருகிறேன். கிடைத்த பிறகும் எழ முடிவதில்லை. இது சூதாட்டம்தானா? (வங்கி ஊழியர், சேலம்)

பதில்: சூதாட்டத்தை இயக்கும் அதே பொறி இதிலும் இருக்கிறது, பந்தயமாக வைப்பதுதான் வேறு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட ஆய்வுகளில் இதைப் புறாக்களைக் கொண்டு காட்டியிருக்கிறார். பொத்தானைக் குறிப்பிட்ட எண்ணிக்கை கொத்தினால் தவறாமல் தானியம் விழும் என்றிருந்தால், தின்ற பிறகு புறா சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அடுத்த அரக்கனிடம் என்ன விழும் என்று தெரியாத வரை, நீங்களும் நானும் அந்தப் புறாவின் நிலையில்தான் இருக்கிறோம். கிடைத்த பிறகும் எழ முடியாமைக்கு உங்கள் மன உறுதியின் குறை காரணமென்று எண்ண வேண்டாம், கிடைத்த அந்தக் கணமே அடுத்ததற்கான தொடக்கமாக அமைக்கப்பட்டிருக்கிறது.

நேரத்தை மட்டும் பந்தயமாக வைத்திருக்கும்வரை இதைப் பொழுதுபோக்கு என்றே கொள்ளலாம், பொழுது எவ்வளவு போகிறது என்ற கவனம் இருந்தால். காசு உள்ளே வரும்போது கதை மாறுகிறது, அது எப்படி மாறும் என்பதற்கு இத்துறையின் மூத்த நிறுவனமே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. 2012 மே மாதம் வெளிவந்த டயாப்லோ 3இல், வீரர்கள் தங்களுக்குக் கிடைத்த பொருள்களை உண்மையான பணத்துக்கு ஏலம் விடும் சந்தையை பிளிஸர்டு திறந்தது. விரும்பிய வாள் சந்தையில் விலைக்குக் கிடைத்ததால், அரக்கனைத் தேடிப் போவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. அரக்கரைக் கொன்று பொருள் பெறும் அடிப்படை ஆட்டத்தையே சந்தை குலைக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது. ஏரியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் மீன் கடை விலாசத்தைக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது அது.

எழுந்திருக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். பொருளை எல்லையாக வைக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. இத்தனை சுற்று அல்லது இத்தனை மணி என்று வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றில் விழுந்தவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலையை மறுநாளுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் 12 வயது மகன் டயாப்லோ இம்மார்டல் என்ற கைபேசி விளையாட்டில் "கிரெஸ்ட்" வாங்கப் பணம் கேட்கிறான். இலவச விளையாட்டுக்கு எதற்குப் பணம்? (தாய், மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். அவன் வாங்கக் கேட்பது ஒரு பொருளை அன்று, ஒரு வாய்ப்பை.

பிளிஸர்டு, சீனாவின் நெட்ஈஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 2022 ஜூனில் வெளியிட்ட விளையாட்டு இது. இதில் எல்டர் ரிஃப்ட் என்ற சிறு குகைக்குள் நுழையும்முன் கிரெஸ்ட் என்ற முத்திரையை வைக்கலாம். உயர்வகை முத்திரையை வைத்தால், உள்ளே இருக்கும் அரக்கன் வீழும்போது ஒரு மாணிக்கம் உறுதியாகக் கிடைக்கும். அது எத்தகைய மாணிக்கம் என்பது மட்டும் அதிர்ஷ்டம். மிக உயர்ந்தது மிக அரிதாகவே விழும். விழுந்தாலும் அதை மேம்படுத்த அதே வகை மாணிக்கங்கள் இன்னும் பல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உயர்வகை முத்திரைகள் சொற்பம். கடையிலோ வேண்டிய அளவு இருக்கின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018 ஏப்ரலில் அறிவித்திருந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இந்த விளையாட்டு வெளியிடப்படவே இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கதைப்பகுதியை ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் விளையாடி முடிக்கலாம், கைபேசியில் இவ்வளவு நேர்த்தியான சண்டை அமைப்பு அரிது. செலவிட்டவருக்கும் செலவிடாதவருக்கும் உள்ள இடைவெளி 60ஆம் நிலையைக் கடந்த பிறகே, குறிப்பாக வீரர்கள் ஒருவரோடொருவர் மோதும் இடங்களில், முகத்தில் அறைவதுபோல் தெரியும். உங்கள் மகன் அந்த இடத்தை எட்டிவிட்டான் என்று நினைக்கிறேன்.

இரத்தமும் பிணமும் மிகுந்த இந்த விளையாட்டுக்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான தரம் வழங்கப்பட்டிருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கும் வசதி உண்டு, இன்றே அமைத்துவிடுங்கள். ஆனால் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால் ஒரு முறை அவன் அருகில் உட்கார்ந்து, அந்த முத்திரையை வாங்கினால் சரியாக என்ன கிடைக்கும் என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். அவனால் சொல்ல முடியாது என்பதை அவனே கண்டுகொள்வான்.

கேள்வி: அலுவலகம் முடிந்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதற்குள் விளையாடத் தக்கது எது? (மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: வார்ஃப்ரேம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் 2013 மார்ச்சில் வெளியிட்டது. (அந்த லண்டனில் ஓடும் ஆற்றுக்கும் தேம்ஸ் என்றுதான் பெயர்.) விண்வெளியில் நடக்கும் துப்பாக்கி, வாள் சண்டை, பெரும்பாலான பணிகள் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் ஒரு மணி நேரத்துக்குள் நிறைவாக விளையாட முடியும்.

இங்கே விற்கப்படுவது முக்கியமாக நேரமும் இடமும். வார்ஃப்ரேம் எனப்படும் கவச உடலைச் செய்யத் தேவையான பொருள்களைச் சேர்த்துப் பட்டறையில் வைத்தால் அது உருவாக 3 நாள்கள் ஆகும். அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் 12 மணி நேரம். பிளாட்டினம் என்ற பணத்தைக் கொடுத்தால் உடனே முடியும். முதலில் எனக்கு இது எரிச்சலூட்டியது. பிறகு யோசித்தால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் வருபவருக்கு 3 நாள் என்பது 3 அமர்வுகள்தான், காத்திருப்பதாகவே தெரியாது. பித்துப்பிடித்து விளையாடுபவரிடமிருந்துதான் இந்தக் கடை காசு பார்க்கிறது. மேலும், பிளாட்டினத்தை நிறுவனத்திடம் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நமக்குக் கிடைத்த அரிய உறுப்புகளை மற்ற வீரர்களுக்கு விற்று, அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பிளாட்டினத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்வோருக்கு 50 பிளாட்டினம் இலவசமாகத் தரப்படும். அதை வண்ணங்களுக்கோ அவசரத்துக்கோ செலவிடாமல், கவச உடல்களையும் ஆயுதங்களையும் வைக்கும் இடங்களுக்கே செலவிடுங்கள். ஓர் உடலுக்கான இடம் 20 பிளாட்டினம். தெரியாமல் முதல் நாளே கரைத்துவிட்டுப் பின்னால் வருந்துவோர் ஏராளம்.

இந்த நிறுவனத்தின்மீது எனக்கு ஓரளவு நம்பிக்கை வந்ததற்கு ஒரு பழைய நிகழ்ச்சி காரணம். வளர்ப்பு விலங்கின் உரோம நிறத்தைச் சிறிது பிளாட்டினம் கொடுத்துக் குலுக்கல் முறையில் மாற்றும் ஒரு வசதியை அவர்கள் வைத்திருந்தார்கள். ஒரு வீரர் அதை 200 முறை குலுக்கியதைப் பார்த்ததும், நாம் சூதாட்டப் பொறியைச் செய்துவிட்டோமே என்று திடுக்கிட்டு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எந்த வியாபாரியும் புனிதர் இல்லை. ஆயினும் காசு கொட்டும் இடத்தைத் தானே மூடியவர் என்பது கணக்கில் வர வேண்டிய செய்தி.

பாத் ஆஃப் எக்ஸைலை உங்களுக்கு நான் சொல்லாததற்குக் காரணம் அதன் லீக் முறை. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை புதிய பருவம் பிறக்கும், எல்லாரும் ஒன்றுமில்லாத புதிய வீரனோடு முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு மணி நேரக்காரர் கதையை முடிக்கும்போது மற்றவர்கள் பருவத்தையே முடித்துக் கிளம்பியிருப்பார்கள்.

கேள்வி: நாம் சேர்த்ததெல்லாம் நம்முடையதுதானே? நிறுவனம் மூடிவிட்டால் என்ன ஆகும்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: போய்விடும். மார்வெல் ஹீரோஸ் என்ற இலவச விளையாட்டு 2013இல் வந்தது. டயாப்லோவை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் முன்னின்று செய்தது. 2017 நவம்பரில் சர்வர்கள் நிறுத்தப்பட்டன, நான்கு ஆண்டுகளாகச் சேர்த்தவையும் காசு கொடுத்து வாங்கிய உடைகளும் அத்துடன் மறைந்தன. மூடாமலேயே பறிபோவதும் உண்டு. 2019 அக்டோபரில் அடிப்படை ஆட்டத்தை இலவசமாக்கிய டெஸ்டினி 2, 2020 நவம்பரில் தன் பழைய கதைப்பகுதிகள் சிலவற்றை ஆட்டத்திலிருந்தே அகற்றியது. இலவசமாவதற்கு முன்பு மக்கள் விலை கொடுத்து வாங்கிய பகுதிகளும் அவற்றில் அடக்கம்.

சேர்த்தது நிலைக்க வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியமானால் இலவச விளையாட்டை நாடாதீர்கள். டார்ச்லைட் 2, கிரிம் டான் ஆகிய இரண்டும் ஒரே முறை விலை கொடுத்து வாங்குபவை, இணைய இணைப்பில்லாமல் தனியாக விளையாடக் கூடியவை, பண்டிகைக்காலத் தள்ளுபடியில் மிகக் குறைந்த விலைக்கு வருபவை. 2012இல் வெளியான டார்ச்லைட் 2 பழைய மடிக்கணினியிலும் ஓடும். நீங்கள் சேர்த்த கோடரி உங்கள் வட்டில் ஒரு கோப்பாக இருக்கும், அதைப் பென்டிரைவில் நகலெடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.