இணையவழிப் பன்னாட்டு எழுத்தாளர் முகாமில் தமிழில் மட்டுமே எழுதுபவர் சேரலாமா?

சேரலாம் என்பதே என் பதில். "கோத்தகிரியில் இருக்கிறேன், பகலில் வேலை, தமிழில் மட்டுமே எழுதுகிறேன், ஆங்கிலத்தில் பேசத் தயக்கம், பல நாட்டுக் கதாசிரியர்களை இணையவழியில் ஒன்றுசேர்க்கும் முகாமுக்கு விண்ணப்பித்தால் எனக்கு ஏதேனும் பயன் இருக்குமா?" என்று நீங்கள் கேட்டிருப்பதைப் படித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய கேள்வியைப் படிப்பதுபோல் இருந்தது. நான் இருப்பது இதே நீலகிரியின் மறுகோடியில், பந்தலூர் வட்டத்தில். பள்ளி ஆசிரியர். ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வேன். பேச வரும்போது எனக்கும் நாக்கு தடுமாறும். அப்படிப்பட்ட முகாம் ஒன்றில் ஆறு வாரம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எழுத்தாளர்களை ஓரிடத்தில் தங்கவைத்து எழுத நேரம் கொடுக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டம் இன்றும் நடக்கிறது. ஆனால் அங்கெல்லாம் போக விசா வேண்டும், விடுப்பு வேண்டும், வீட்டில் நம் இடத்தை நிரப்ப ஒருவர் வேண்டும். என் அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு ஒரு வாரம்கூட வெளியூரில் தங்க எனக்கு வழியில்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் இத்தகைய முகாம்கள் சில இணையத்துக்கு மாறியிராவிட்டால், மணிலாவிலும் கென்யாவிலும் இருப்பவர்கள் என் கதையைப் படித்திருக்கப் போவதில்லை. இணையவழியில் நடப்பதை எழுத்தாளர் தங்குமிடம் என்று அழைப்பது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். அறை இல்லை, உணவு இல்லை, தனிமை இல்லை. அவர்கள் சொல்வது சரிதான். எழுதும் நேரத்தை நீங்களேதான் வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும், அதை விண்ணப்பிப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எங்கள் கூட்டம் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு. அப்போது நைரோபியில் மாலை ஆறு, மணிலாவில் இரவு பதினொன்று, புவனோஸ் அயர்ஸில் நண்பகல் பன்னிரண்டு. எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. அது கிடைக்கும் மேட்டில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு. அதனால் சனிக்கிழமைதோறும் மாலையிலேயே பந்தலூர் கடைவீதியில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் திரும்பினேன். மழையில் மின்சாரம் போய் ஒரு கூட்டம் முழுவதும் தவறியது. ஒருங்கிணைப்பாளர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

நான் கொண்டுபோன கதை என் அம்மாவைப் பற்றியது. இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் பேர் பதிந்து, கொழுந்து எடுத்தவர். 1964 அக்டோபரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் கதையை முதலில் சென்னையிலிருந்து வரும் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது), நிரை (கொழுந்து எடுக்கும் செடி வரிசை), அரைப்பேர், கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) ஆகிய தோட்டத்துச் சொற்களைப் பொதுத்தமிழில் மாற்றித் தரும்படி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். என் அம்மா பேசும் தமிழ் தமிழ் வாசகருக்கே விளங்காது என்று ஒருவர் முடிவு செய்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

எழுத்தாளர் முகாமுக்கு ஆங்கிலப் பிரதி வேண்டும் என்றார்கள். பணம் கொடுத்து மொழிபெயர்க்க வசதி இல்லாததால் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு, எனக்குத் தெரிந்தவரை திருத்தி அனுப்பினேன். அங்கேதான் தவறு நடந்தது. தோட்டத்தில் "மலைக்குப் போனாள்" என்றால் வேலைக்குப் போனாள் என்று பொருள். அது மலையேறினாள் என்று ஆகியிருந்தது, அதை நான் பிடித்துவிட்டேன். "கணக்கப்பிள்ளை அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்" என்ற வரியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பேர் என்பது ஒரு நாள் கூலிக்கான பதிவு. அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. ஆங்கிலத்தில் அது, கணக்கப்பிள்ளை அவளுடைய பெயரில் பாதியை மட்டும் எழுதினார் என்று போயிருந்தது.

இரண்டாம் வாரக் கூட்டத்தில் மணிலாவிலிருந்து பேசிய எழுத்தாளர், அந்த வரிதான் கதையின் உயிர் என்றார். ஒரு பெண்ணின் பெயரைப் பாதியோடு நிறுத்திவிடும் அதிகாரத்தைப் பற்றி அவர் நெகிழ்ந்து பேசினார். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். நான் அப்போது திருத்தவில்லை. பாராட்டில் கிடைத்த மகிழ்ச்சியும், அது என் வரி இல்லை என்ற உறுத்தலும் சேர்ந்து, அன்று இரவு நண்பர் வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன்: இது பிழை, அந்தச் சொல்லுக்கு அரை நாள் கூலி என்றே பொருள். யாரும் குறைவாக நினைக்கவில்லை.

கென்யாவின் கெரிச்சோவைச் சேர்ந்த ஒருவர் அதன் பிறகுதான் பேசத் தொடங்கினார். கெரிச்சோவும் தேயிலை நாடு. அவருக்குக் கூடையையும் கொழுந்தையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவர் ஊரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் அவர் கேட்டார்: நாள் எந்த மணியோடு பாதியாகும், அதை முடிவு செய்பவர் யார், அன்று அந்தப் பெண் பாதிக் கூலியை விட்டுக்கொடுத்துவிட்டு எங்கே போனாள்? முதல் இரண்டுக்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா அடிக்கடி சொன்ன சொல் என்பதால் கதையில் வைத்திருந்தேனே தவிர, அது எந்த நாள் என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.

வெளிநாட்டார் கேட்டால்தான் சொந்தத் தாயைப் பற்றி அறிந்துகொள்வீர்களா என்று இதைப் படிப்பவர் யாரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இந்த ஊரில் எங்களை இன்னும் "சிலோன்காரங்க" என்றே அழைக்கிறார்கள். குடியுரிமையோடு வந்தவர்களை அகதிகள் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஓர் இலக்கியக் கூட்டத்தில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். அந்த அறிமுகத்துக்கு உரிய துயரத்தையே என்னிடம் எதிர்பார்த்தார்கள், நானும் எனக்குத் தெரியாமலே அதை எழுதிப் பழகியிருந்தேன். கெரிச்சோக்காரருக்கு அந்தப் பெயர் எதுவும் தெரியாது. அவர் ஒரு தேயிலைக்காரரின் கேள்வியை இன்னொரு தேயிலைக்காரரிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். "மத்தியானக் கொழுந்து எடை போட்டதும் வந்துட்டா அரைப்பேருதான் சாமி," என்றார். எதற்காக வந்தீர்கள் என்றதற்கு, கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க அட்டனுக்குப் போனோம், அப்படியே குடும்பமாக ஒரு படமும் எடுத்தோம் என்றார். அந்தப் படம் எங்கள் பெட்டியில் இருக்கிறது. அதில் அம்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார். நாட்டை விட்டுப் போகும் அச்சத்தில் அவள் அப்படி நின்றாள் என்று என் கதையில் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அம்மா சிரித்தார். "பயமா? கையெல்லாம் கொழுந்துக் கறை. கழுவிப் பார்த்தேன், போகல. போட்டோவுல விழுந்துடுமேன்னு பின்னால வச்சுக்கிட்டேன்."

அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, கறை படிந்த விரல்களைக் கழுவும் காட்சியை எழுதி ஐந்தாம் வாரம் அனுப்பினேன். லயத்தையும் பெரட்டையும் நிரையையும் தமிழ்ப் பிரதியில் அப்படியே விட்டிருக்கிறேன். கதை இன்னும் அச்சாகவில்லை.

நீங்கள் விண்ணப்பிக்கும்போது, மாதிரிக்குக் கேட்கும் பக்கங்களைக் கணினியில் மொழிபெயர்த்தாலும், உங்கள் ஊரில் மட்டும் வேறு பொருளில் வழங்கும் சொற்களைத் தனியே பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் கையால் சரிபாருங்கள். தாய்மொழியில் பேசலாமா, மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், எனக்கு அனுமதித்தார்கள். பிரதியை யாரிடமாவது காட்ட நினைத்தால் இங்கேயே பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். சனிக்கிழமை தவிர மற்ற மாலைகளில் நான் படித்துத் தருகிறேன்.