78 டெவிலா, 82 டெவிலா? எழுபத்தெட்டை விடாதீர்கள்
வணக்கம் நண்பரே. 1978 கேடிலாக் செடான் டெவில் (அமெரிக்க சொகுசுக் கார்) ஒன்று, அதன் 1982 மாடல் ஒன்று, இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 82 குறைவாக ஓடியது, விலையும் மலிவு என்று மனம் அந்தப் பக்கம் சாய்வது தெரிகிறது. வேண்டாம்.

82-இல் இருப்பது எச்டி4100 என்ற 4.1 லிட்டர் எஞ்சின். பிளாக் (எஞ்சினின் அடிப்பாகம்) அலுமினியம், அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. நடுவிலுள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) போய், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்தால், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங் தாங்காது. குறைவாக ஓடிய வண்டிக்கும் இந்த ஆபத்து உண்டு. 78-இல் இருப்பது 7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அலட்டாமல் இழுக்கும், நீண்ட நெடுஞ்சாலையில் அந்த சொகுசுக்கு ஈடே கிடையாது.

78-உம் விலை அதிகமில்லை, நான்கு கதவு என்பதுதான் காரணம். பழைய கார் சேகரிப்பவர்கள் கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளையும் இரண்டு கதவு வண்டியையும்தான் தேடுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

பார்க்கப் போகும்போது வினைல் (பிளாஸ்டிக் உறை) ஒட்டிய கூரையின் ஓரத்தை, முக்கியமாகப் பின்கண்ணாடிக்குக் கீழே, விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்றோ புடைத்தோ இருந்தால் அடியில் துரு. அதைச் சரிசெய்யும் செலவு வண்டி விலையையே தொட்டுவிடும். பம்பருக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்கியிருந்தால் பயப்படாதீர்கள், மாற்று கிடைக்கிறது.

கிளம்புமுன் கராஜை அளந்துவிடுங்கள். வண்டி 18 அடிக்கு மேல் நீளம்.