ட்ரெய்லரில் ஒரு மர அறுவை மெஷின்: நகையை வைத்து வாங்கலாமா?

கேள்வி: ஆலங்குடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நிலம். 2002-ல் அப்பா வேலியோரமும் வரப்போரமும் தேக்கு வைத்தார். கஜா புயலில் விழுந்தது போக இப்போது 70 மரம் நிற்கிறது. விழுந்ததை எல்லாம் வியாபாரி ஒருவர் அடிமாட்டு விலைக்கு ஏற்றிப் போனார். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அடுத்த வருடம் வீடு கட்டப்போகிறேன். நிலை, கதவு, ஜன்னலுக்கு என் மரத்தையே வீட்டில் வைத்து அறுத்துக்கொள்ளலாம் என்று, டிராக்டரில் இழுத்துப் போகிற மாதிரி ட்ரெய்லரில் பொருத்திய பேண்ட் சா (வளையமாகச் சுற்றும் பிளேடால் மரம் அறுப்பது) மெஷின் ஒன்றை விசாரித்தேன். ட்ரெய்லர், டீசல் இன்ஜின், பிளேடு தீட்டும் மெஷின் எல்லாம் சேர்த்து ஏழரை லட்சம் என்கிறார்கள். வைப்புநிதியில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்கு மனைவியின் நகையை 10% வட்டிக்கு வைக்கலாம் என்று யோசனை. எங்கள் ஊரிலிருந்து 20 கி.மீ. தள்ளி இருக்கும் மில்லில் கன அடிக்கு 90 ரூபாய் அறுப்புக்கூலி. என் வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்தில் அறுத்துக் கொடுத்தால் இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: கடன் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். மெஷினின் விலை உங்களுக்குப் பைசா சுத்தமாகத் தெரிகிறது. உங்களிடம் எவ்வளவு மரம் இருக்கிறது, வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்ற இரண்டு எண்களும் கடிதத்தில் இல்லை.

மரக்கடைக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. அடிக்கட்டை 40 அங்குலச் சுற்று, 8 அடி நீளம் என்றால் ஐந்தரை கன அடி. அதற்கு மேல்கட்டை 32 அங்குலம், அதே 8 அடி என்றால் மூன்றரை. ஆக மரத்துக்கு ஒன்பது. 70 மரமும் இப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் 630 கன அடி. வேலியோரத்து மரம் எல்லாம் ஒரே பருமனில் இருக்காது, அதனால் இது தாராளமான கணக்குத்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம் உள்ள ஒரு நிலைக்கு, கீழ்ப்படியையும் சேர்த்து, 21 அடி நீளச் சட்டம் வேண்டும். 5-க்கு 3 அங்குலச் சட்டம் என்றால் அது இரண்டே கால் கன அடிக்குள் முடிந்துவிடும். ஏழெட்டு நிலை, பத்து ஜன்னல், முன்கதவுக்கும் பூஜை அறைக்கும் கொஞ்சம் கனமான பலகை என்று எப்படிக் கூட்டினாலும் சாதாரண வீட்டுக்கு 80 கன அடி அறுத்த மரம் போதும். அறுப்பில் தூள், புறவெட்டு, வெளிறு (வைரம் ஏறாத வெளிப்பக்க மரம்) எல்லாம் கழிந்து பாதிதான் தேறும் என்று வைத்தாலும் 160 கன அடி உருண்டைக் கட்டை. அதாவது உங்கள் 70 மரத்தில் 18 மரம்.

மில்லுக்குக் கொண்டுபோனால் 160-க்கு 90 வீதம் 14,400 ரூபாய். ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, திரும்பக் கொண்டுவருவது எல்லாம் சேர்த்து 10,000 வையுங்கள். மொத்தம் 25,000-க்குள்.

மெஷின் வாங்கினால் நகைக்கடன் 5 லட்சத்துக்கு வருட வட்டி 50,000. வைப்புநிதியை உடைத்தால் அதில் வந்திருக்கும் 7% போகும், அது 17,500. ஆக, மெஷின் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் கொட்டகையில் நின்றாலே வருடத்துக்கு 67,500. உங்கள் வீட்டு மரம் முழுவதையும் இரண்டரை முறை அறுத்துவிடலாம் அந்தக் காசில். சொந்த வீட்டுக்காக வாங்குவது என்ற பேச்சு இத்தோடு முடிந்தது. மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான்: இதை நீங்கள் தொழிலாகச் செய்யத் தயாரா?

விற்பவர் ஒரு நாளைக்கு 200 கன அடி அறுக்கும் என்று சொல்லியிருப்பார். பிளேடு சுற்றுகிற வேகத்தை வைத்துச் சொல்கிற கணக்கு அது. கட்டையை உருட்டி ஏற்றுவது, திருப்புவது, கிடுக்கியில் பிடிப்பது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பிளேடு மாற்றுவது, மெஷினைச் சமன்படுத்துவது, டீக்குப் போவது இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நாள். கையால் தள்ளி அறுக்கும் சிறிய மெஷினில் 70 கன அடி என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். வீடு தேடி வந்து அறுப்பதால் 90-க்குப் பதில் 110 கேட்கலாம், 7,700 ரூபாய். இரண்டு ஆள் கூலி 1,800, டீசல் 1,000, பிளேடு தேய்மானம் 600, டிராக்டர் இழுவை 800. மீதி 3,500. அதில் உங்கள் சொந்த உழைப்புக்கு 1,000 ரூபாயாவது எடுத்து வையுங்கள். பலரும் விடுகிற இடம் இதுதான். தன் கூலியை லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆக, மெஷினுக்கென்று தேறுவது நாளுக்கு 2,500.

அதற்கு எதிரில் வருடச் செலவு: வட்டி இழப்பு 67,500. நாலு வருடம் கழித்து மூன்றரை லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் வருடத்துக்கு 1 லட்சம். பழுது, இன்சூரன்ஸ் 40,000. கூட்டினால் 2,07,500. இதை 2,500-ஆல் வகுத்தால் 83 நாள். வருடத்தில் 83 நாள் ஓடினால்தான் கையைக் கடிக்காது. லாபம் 84-வது நாளில்தான் தொடங்கும்.

உங்கள் 70 மரத்தையும் ஒரே மூச்சில் வெட்டி அறுத்தாலே 9 நாள் வேலைதான். அப்படியானால் உங்களைப் போல ஒன்பது தேக்குக்காரர்கள் வருடாவருடம் புதிது புதிதாக வேண்டும். இந்த வருடம் வெட்டியவர் அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடமாட்டார். அவரிடம் மரம் இருக்காது. தவிர, இது மழைக்காலத்தில் ஓடுகிற தொழிலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் ட்ரெய்லரை இறக்கினால் ஏற்றுவதற்கு இன்னொரு டிராக்டர் வேண்டும். தைக்கு அப்புறம் நாலைந்து மாதத்துக்குள் அந்த 83 நாளும் விழ வேண்டும்.

மெஷின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்ன பேண்ட் சா பிளேடு மெலிது. ஒரு அறுப்புக்கு 2 மில்லிமீட்டர் அளவுதான் தூளாகப் போகும். தடித்த ரம்பத்தில் அது இரட்டிப்பாகும். ஓரங்குலப் பலகையாக அறுக்கும்போது 100-க்கு ஏழு கன அடி வரை மிச்சம். தேக்கு விற்கிற விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டிய 80 கன அடியில் அந்த மிச்சம் ஐந்தாறு கன அடியைத் தாண்டாது. இன்னொன்று, 2018 நவம்பர் மாதிரி ஒரே ராத்திரியில் மாவட்டமே சாய்ந்து கிடக்கும்போது, மரத்தை அங்கேயே அறுத்து அடுக்கி வைக்க முடிந்திருந்தால் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டியிருக்க வேண்டாம். உண்மைதான். ஆனால் எப்போது வரும் என்று தெரியாத புயலுக்காக வருடம் இரண்டு லட்சம் கட்டுவது விலை கூடிய காப்பீடு. அந்த வியாபாரி மேல் இருக்கும் கோபம் ஏழரை லட்சம் பெறாது.

சரி, தொழிலாகவே செய்கிறேன் என்று நீங்கள் தீர்மானித்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறையைப் பாருங்கள். மர அறுவை ஆலைக்கு வனத்துறை உரிமம் தேவை. நினைத்த இடத்தில் நினைத்தபோது தொடங்க முடியாது. 1996-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதிலிருந்து நாடு முழுவதும் இந்த விஷயத்தில் பிடி இறுகிக் கிடக்கிறது. அந்த வழக்கே நம் நீலகிரி மாவட்டக் கூடலூர்க் காட்டில் நடந்த மரவெட்டிலிருந்து கிளம்பியதுதான். ‘உரிமம் எல்லாம் கட்டடத்துக்குள் இருக்கிற மில்லுக்குத்தான், சக்கரம் வைத்ததற்கு இல்லை’ என்று விற்பவர் அடித்துப் பேசலாம். அவர் பேச்சை நம்பி 5 லட்சம் கடன் வாங்காதீர்கள். மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதி, சொந்த மரத்தை அறுக்கவும், கூலிக்கு அறுக்கவும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டா நிலத்துத் தேக்காக இருந்தாலும் வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கு முன்னும் அதே அலுவலகத்தில் விசாரித்தே ஆகவேண்டும். மெஷின் பறிமுதல் ஆனாலும் தவணை நிற்காது.

ட்ரெய்லருக்கும் இதே கதைதான். மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம். விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரில் கூலித்தொழிலுக்கு மெஷினை இழுத்துப் போய் வழியில் யார் மேலாவது பட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவது கையை விரிக்க ஒரு காரணத்தைத்தான். அறுக்கிற இடத்தில் ஆளுக்கு அடிபட்டால் நஷ்டஈடு முதலாளி பொறுப்பு. அன்றைக்கு முதலாளி நீங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்காமல் மெஷினைக் கிளப்பவே வேண்டாம். கூட வருகிறவர்களின் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம் கிடைக்கும்.

நகைக்கடன் இந்த வேலைக்குப் பொருந்தாத கடன். அது பெரும்பாலும் ஒரு வருடக் கடன். மெஷினோ நாலு வருடத்தில் காசைத் திருப்புவது. ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை குறைந்த ஒரு வருடம் வந்தால் ஏல நோட்டீஸ் வருவது உங்கள் மனைவியின் நகைக்கு. தொழில் என்றால் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) வழியாக வங்கிக் கடன் கேளுங்கள். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 25%, பெண்கள், பட்டியல் சமூகத்தினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35% மானியம் உண்டு. உங்கள் மனைவி பெயரில் விண்ணப்பிப்பதையும் யோசியுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மானியம் உடனே கையில் வராது, மூன்று வருடம் வைப்பாக வங்கியில் கிடக்கும். ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கு மானியம் இல்லை என்பதால், மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் போய்க் கேட்கவும் முடியாது. வங்கி மேலாளர் முதலில் கேட்பது வன உரிமத்தைத்தான். ஒரு வகையில் அது உங்களுக்கு நல்லது. நகைக்கடன் தருகிறவர் அதைக் கேட்கமாட்டார்.

வரி பெரிய தலைவலி இல்லை. நட்டு வளர்த்த மரத்தைக் கட்டையாக விற்றால் விவசாய வருமானம். பலகையாக அறுத்து விற்றால் அறுப்பால் கூடுகிற லாபம் தொழில் வருமானம். கூலிக்கு அறுப்பது முழுக்கத் தொழில் வருமானம். கூலி வரவு வருடம் 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். 83 நாள் ஓடினால் வருவது ஆறரை லட்சம்தான்.

என் சித்தப்பா ஒருவர் சொந்த வயலுக்கென்று கதிரடிக்கும் மெஷின் வாங்கினார். முதல் வருடம் ஊரே பாராட்டியது. மூன்றாவது வருடம் தன் வயலை அடுத்தவரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, மெஷினுக்கு வேலை தேடி மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தார். தவணை கட்டவேண்டும், வேறு வழி?

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பருமனான 18 மரத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடையாளம் போடுவேன். வேலியோர மரத்தில் பழைய கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்திருக்கும். அடையாளம் போடும்போதே தட்டிப் பார்த்துத் தள்ளிவிடுவேன், ஒரு ஆணி போதும் பிளேடைத் தின்ன. மீதி 52 மரத்தைத் தொடமாட்டேன். இருபத்தைந்து வயதை ஒட்டிய தேக்கில் வெளிறு இன்னும் கணிசமாக இருக்கும். நிற்க நிற்க வைரம் ஏறும், சுற்றும் கூடும். வட்டி கேட்காமல் வளர்கிற சொத்தை எதற்கு அவசரப்பட்டு வெட்ட வேண்டும்? பிறகு விற்பதானால் நீங்களே அளந்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். கஜா சமயத்தில் உங்களை ஏமாற்றியது ரம்பம் இல்லாத குறை மட்டும் இல்லை, அளவு தெரியாத குறையும்தான்.

மெஷின் ஆசை விடவில்லை என்றால், ட்ரெய்லர் மெஷின் வைத்திருப்பவர் யாரையாவது மூன்று நாள் வாடகைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மரத்துக்கு அவ்வளவு நாள் போதும். அந்த மூன்று நாளில் எத்தனை பேர் வந்து ‘எங்கள் மரத்தையும் அறுத்துத் தருவீர்களா’ என்று கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், மரம் எத்தனை, எப்போது வெட்டுவார். இருபது பேர் தேறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு கணக்குப் போடலாம்.

எப்படி அறுத்தாலும் இந்தத் தையிலேயே அறுத்துவிடுங்கள். ஓரங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம், மூன்றங்குலச் சட்டம் அதற்கும் மேல். பச்சை மரத்தில் கதவு போட்டால் முதல் கோடையிலேயே முறுக்கிக்கொண்டு, தச்சருக்கு இன்னொரு கூலி. நிழலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) குறுக்கே வைத்து அடுக்குங்கள். பலகை முனைகளில் மிச்சம் கிடக்கும் பழைய பெயின்ட் எதையாவது அடித்துவிட்டால் வெடிப்பு குறையும்.