பேரப்பிள்ளைகளுக்கு கிராண்ட் வாங்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 67. மகள் போன வருஷம் தவறிவிட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் (13, 9 வயது) என்னிடம்தான் வளர்கிறார்கள். அவர்களுடைய அப்பா பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டார், இருக்குமிடம் தெரியாது. என் பென்ஷனில்தான் வீடு ஓடுகிறது. சின்னவனுடைய பிறப்புச் சான்றிதழைக் காணோம். தெரிந்த ஒருவர், 600 ராண்ட் கொடுத்தால் பிள்ளைகளுக்கு கிராண்ட் (அரசு மாத உதவித்தொகை) வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மகளின் கிராண்ட் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரியவளின் பள்ளியிலிருந்து ஃபீஸ் பாக்கி என்று கடிதம் வந்திருக்கிறது. மகனுக்கும் வேலை இல்லை. எனக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா, அந்த 600 ராண்டை முந்தானையிலேயே முடிந்து வையுங்கள். கிராண்டுக்கு விண்ணப்பிக்க, அதை வழங்கும் அரசு அமைப்பான சாசா ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை. ஃபாரத்துக்கும் காசு இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் (சத்தியப் பத்திரம்) எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், நகல்களுக்குச் சான்று முத்திரை போட்டாலும் காசு இல்லை. பிறகு அவர் எதற்குக் கேட்கிறார்?

உண்மையில் அவர் கண் 600 ராண்டின் மேல் இல்லை. கிராண்ட் கிடைக்க மூன்று மாதம்கூட ஆகலாம். ஆனால் அனுமதி வந்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டுத் தருவார்கள். அதனால் முதல் தடவை விழுவது மொத்தமாக ஒரு நல்ல தொகை. அதை எடுக்கத்தான் “கார்டை நானே வைத்திருக்கிறேன், பின் நம்பரைச் சொல்லிவிடுங்கள், வரிசையில் நின்று நானே எடுத்துத் தருகிறேன்” என்று பாசமாகப் பேசுவார்கள். ஐடி நகலையும் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த மாதம் உங்கள் பெயரில் ஏதோ கடன், ஏதோ ஃபியூனரல் பாலிசி (ஈமச்சடங்குக் காப்பீடு) என்று பிடித்தம் வந்து நிற்கும்.

கார்டை அடகாக வாங்கிக்கொண்டு கடன் தருகிற வட்டிக்காரர்களும் இதே கூட்டம்தான். 2004-ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டப்படி கிராண்டை யாருக்கும் அடகு வைக்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. கடனுக்கு ஈடாக ஐடியையோ கார்டையோ பின் நம்பரையோ பிடித்து வைப்பதை 2005-ஆம் ஆண்டின் கடன் சட்டமும் தடுக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பணம் போடுகிற நாளில் கடை வாசலில் ஒருவர் பத்துப் பேருடைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். யார் கேட்கிறார்கள்?

மகளின் கார்டுக்கு வருகிறேன். அதை நீங்கள் தொடவே கூடாது. கிராண்ட் வாங்கியவர் இறந்தால் அந்த கிராண்டும் முடிந்தது. தப்பித் தவறிப் பணம் விழுந்து நீங்கள் எடுத்துவிட்டால், அது கடனாக உங்கள் தலையில் விழும், மோசடி என்றும் எழுதுவார்கள். மரணச் சான்றிதழோடு கார்டையும் சாசாவுக்கு எடுத்துப் போய், கணக்கை மூடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள்.

உங்களுக்கு உரிமை உண்டா என்று யோசிக்கவே வேண்டாம். குழந்தை ஆதரவு கிராண்ட், பெற்றவருக்கு என்று இல்லை. பிள்ளையை யார் தினமும் பார்த்துக்கொள்கிறார்களோ அவருக்கு. 18 வயது வரை உண்டு. 2025 ஏப்ரலில் அதை ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ராண்டாக உயர்த்தினார்கள். தனியாக இருப்பவருக்கு வருமான வரம்பு அந்தத் தொகையின் பத்து மடங்கு, அதாவது அந்தக் கணக்கில் 5,600 ராண்ட். நீங்கள் வாங்கும் முதியோர் பென்ஷன் இதற்குக் குறுக்கே நிற்காது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைத்தான் கவுண்டரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அனாதைப் பிள்ளைகளை உறவினர் வளர்த்தால், அந்தக் குழந்தை ஆதரவு கிராண்டுக்கு மேல் அதில் சுமார் பாதி அளவு கூடுதல் தொகை உண்டு. 2022-இல்தான் வந்தது. அதற்கு முன் பாட்டிகளெல்லாம் வளர்ப்புப் பெற்றோர் கிராண்டுக்காக நீதிமன்றம், சமூகப் பணியாளர் என்று வருஷக்கணக்கில் அலைந்தார்கள். இங்கே நீங்கள் கேட்கப்போவது தெரியும்: “அப்பன் உயிரோடுதானே இருப்பான், அப்புறம் எப்படி அனாதை?” குழந்தைகள் சட்டத்தில், தன்னைப் பராமரிக்கும் பெற்றோர் எவரும் உயிரோடு இல்லாத பிள்ளைதான் அனாதை. அப்பா எங்கோ ஜோகனஸ்பர்க்கில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பார்க்கவில்லை, இருக்குமிடமும் தெரியவில்லை என்றால் அவரைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. மகளின் மரணச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். அப்பாவைப் பற்றி அஃபிடவிட் வேண்டும். அதில் “எங்களோடு இல்லை” என்று மட்டும் எழுதினால் போதாது. கடைசியாக எந்த வருஷம், எங்கே பார்த்தீர்கள், பிறகு பணமோ போனோ வரவில்லை, அவருடைய சொந்தக்காரர்களைக் கேட்டும் தெரியவில்லை, பிள்ளைகள் இன்ன மாதத்திலிருந்து என் வீட்டில், என் செலவில் வளர்கிறார்கள் என்று வரிவரியாக எழுதுங்கள். இங்கிலீஷிலேயே எழுதச் சொல்லுங்கள். பாதி விண்ணப்பங்கள் இந்த ஒரு தாளில்தான் மாட்டிக்கொள்கின்றன. கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கே இந்தக் கூடுதல் தொகை தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சின்னவனின் சான்றிதழ் இல்லையென்று விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஆவணம் இல்லாத பிள்ளைக்கு சத்தியப் பத்திரத்தின் பேரில் விண்ணப்பிக்க சாசா விதி 11(1) இடம் தருகிறது. இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஏனென்றால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியே “ஹோம் அஃபேர்ஸ் (பிறப்புச் சான்றிதழ் தரும் அரசு அலுவலகம்) போய் வாங்கிட்டு வா” என்று துரத்திவிடுவார். விதியைச் சட்டத்தில் எழுதி வைத்து, ஏழை காலில் அலையவிடுவதுதான் இங்கே நடைமுறை. ஒருபக்கம் ஹோம் அஃபேர்ஸிலும் நகலுக்கு எழுதிப்போடுங்கள்.

விண்ணப்பித்ததும் தேதி முத்திரை போட்ட ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். காத்திருக்கும் மாதங்களுக்கு, துயர் நிவாரணம் என்று சாசாவிலேயே தற்காலிக உதவி உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சாசாவின் இலவச எண் 0800 60 10 11. கோவில் கமிட்டி தரும் ஹாம்பரையும் (மளிகைப் பொட்டலம்) வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

பள்ளிக் கடிதத்துக்குப் பயப்படாதீர்கள். அரசுப் பள்ளியில், ஒரு பிள்ளைக்காக கிராண்ட் வாங்குபவருக்கு அந்தப் பிள்ளையின் ஃபீஸ் தானாகவே தள்ளுபடி. 2006 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கிராண்ட் ஆரம்பித்ததும் சாசா கடிதத்தின் நகலை பிரின்சிபாலிடம் கொடுங்கள். அதுவரை விலக்குக்கான ஃபாரம் கேளுங்கள். “அப்படி ஒரு ஃபாரமே இல்லை” என்று சொல்லும் பள்ளிகள் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குறைச்சல் இல்லை. எழுத்தில் கேட்டால் திடீரென்று கிடைத்துவிடும். பாக்கிக்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர், கரண்ட் பில்லில் ஏழைக் குடும்பங்களுக்கு இருக்கும் சலுகையை முனிசிபாலிட்டியின் வாடிக்கையாளர் சேவை மையமான சிசகாலா சென்டரில் விசாரியுங்கள்.

மகனுக்கு வேலையோ வேறு வருமானமோ இல்லையென்றால் வேலையில்லாதவர்களுக்கான எஸ்ஆர்டி கிராண்டுக்கு (மாதம் 370 ராண்ட்) போனிலேயே விண்ணப்பிக்கலாம். அவருடைய சொந்த நம்பரில், அவர் பெயரிலேயே உள்ள பேங்க் கணக்குக்குக் கேட்க வேண்டும். “என் போனில் போட்டுத் தருகிறேன்” என்று அந்த 600 ராண்ட் ஆசாமியே அதற்கும் வருவார். அவர் நம்பரில் போட்டால் மெசேஜெல்லாம் அவருக்குத்தான் போகும், பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று மகனுக்குத் தெரியவே தெரியாது.