தாங்கி நிரம்ப முதலே கத்தும் அலாரம்

கேள்வி: மேல் தாங்கிக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நீர்மட்ட அலாரம் ஒன்று வாங்கிப் பூட்டினோம். முதலில் நல்லாத்தான் வேலை செய்தது. இப்ப தாங்கி அரைவாசிக்கு வரவே கத்தத் தொடங்குது. பெட்டியில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கு. அதைத் திருப்பினால் சரிவருமா, கடைக்குக் கொண்டுபோகவா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: திருகாணியில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான். எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் அதே படிவு, சென்சரின் இரண்டு கம்பிகளுக்கும் இடைப்பட்ட பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும். படிவு ஈரமானால் அதன் வழியே கரண்ட் கசியும். தண்ணீர் எட்டாமலே அலாரம் அடிக்கும். தாங்கிக்குள் விழும் தண்ணீர் சென்சரில் தெறிக்கிறதா என்றும் பாருங்கள். தெறித்தால் சென்சரைக் குழாயிலிருந்து தள்ளிக் கட்டினாலே போதும்.

கழுவ முதல் அலாரத்தின் பிளக்கைக் கழற்றுங்கள், மோட்டரையும் நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஏணியைப் பிடிக்க ஒருவர் கீழே நிற்கட்டும். சென்சரை வெளியே எடுத்து, கம்பி முனைகளைத் தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசுங்கள். கழிப்பறை கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம், அது நீங்கள் குடிக்கும் தண்ணீர்.

கழுவிக் காயவிட்டும் கத்தினால்தான் திருகாணி. அது இப்போது நிற்கும் இடத்தைப் பேனையால் குறித்து வையுங்கள். பிளாஸ்டிக் கோப்பையில் உங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து முனைகளைத் தோயுங்கள். தோய்ந்ததும் அடிக்க வேண்டும், எடுத்து உதறியதும் நிற்க வேண்டும். அது வரும்வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். போத்தல் தண்ணீரிலோ மழைத்தண்ணீரிலோ சரிபார்ப்பதில் பயனில்லை. உப்பு கூடிய தண்ணீரில் கரண்ட் இலகுவாக ஓடும், மழைத்தண்ணீரில் மிகக் குறைவு. தீவுப் பக்கத்துச் சவர்க் கிணறுகளில் கோடைக்கு ஒரு அளவு, மாரிக்கு ஒரு அளவு என்று வைக்க வேண்டிவரலாம்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் அலாரம் பற்றரியிலோ, 9 அல்லது 12 வோல்ற் அடப்டரிலோ ஓடினால் நல்லது. 230 வோல்ற் வயர் நேரே பெட்டிக்குள் போகிறதென்றால், உள்ளே ட்ரான்ஸ்போமர் இருக்கிறதா என்று வயரிங் செய்பவரிடம் காட்டுங்கள். அது இல்லாத மலிவுப் பெட்டிகளில் தாங்கித் தண்ணீருக்கே மெயின் கரண்ட் வரக்கூடும். அப்படியானது பாட்டுப் பாடினாலும் வேண்டாம்; வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற துணிவிலும் வைத்திருக்க வேண்டாம்.

புதிதாக வாங்குவதென்றால், எங்கள் தண்ணீருக்கு மிதவை வகையைத்தான் நான் சொல்வேன். அதில் கரண்ட் ஓடும் கம்பி தண்ணீரில் படுவதில்லை. மிதவையில் பாசி பிடித்து இறுகாமல் இடைக்கிடை கையால் தூக்கிப் பார்த்தால் சரி.

கழுவியும் சரிவராவிட்டால் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், அதைச் சாட்டியே உத்தரவாதம் இல்லை என்பார்கள். கடைக்காரர் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.