நான்கு நாள் வியன்னாவுக்கு மூன்று ஆண்டுத் தவணையா?

கேள்வி: நான் திருச்சியில் தனியார் நிறுவன ஊழியர், மனைவி வரலாற்று ஆசிரியை. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. வியன்னாவை நான்கு நாள் சுற்றிப்பார்க்க வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. அக்டோபர் பயணத்துக்கு ஒரு முகவர் 4 லட்சம் ரூபாயில் பேக்கேஜ் தருகிறார். 6 லட்சம் ரூபாய் வைப்பு நிதி மார்ச்சில்தான் முதிர்வடைகிறது. வேறு சேமிப்பு இல்லை. மாதச் செலவு 50,000 ரூபாய். 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வைப்பு நிதி முதிர்ந்த பிறகு, அடுத்த மே மாதத்துக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 4 லட்சம் ரூபாயை 14 சதவீதத்தில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,670 ரூபாய் ஆகும். வட்டி மட்டுமே ஏறத்தாழ 92,000 ரூபாய். நடைமுறைக் கட்டணம் தனி. வியன்னாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் ஆட்சி 1918-லேயே முடிந்துவிட்டது. அவர்களுடைய அரண்மனைகள் மே மாதமும் அங்கேதான் இருக்கும்.

வைப்பு நிதியை இப்போதே உடைப்பதும் சரியல்ல, ஏனெனில் உங்கள் வீட்டுக்கு அதுதான் ஒரே அவசரகாலக் கையிருப்பு. கடன் வாங்கியிருந்தால் கட்டியிருக்கக்கூடிய அதே தொகையை, ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதங்களுக்குத் தொடர் வைப்பில் போட்டுவாருங்கள்; அசல் மட்டுமே 1,09,000 ரூபாயைத் தாண்டும். அப்போது பயணத்துக்காக வைப்பு நிதியிலிருந்து 3 லட்சத்துக்கும் குறைவாகவே எடுக்க வேண்டியிருக்கும், மீதி ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் போதும். எட்டு மாதமும் இந்தத் தொகையை ஒதுக்க முடியாமல் போனால், 36 மாதத் தவணையை எப்படிக் கட்டியிருப்பீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். நீங்களே ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிவைக்கும் அட்டை) யூரோ வாங்கினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் கிடையாது. ஒரே ஊரில் நான்கு நாள் தங்குவதற்கு முகவரின் துணை அவ்வளவாகத் தேவைப்படாது என்பதும் என் கருத்து.

வியன்னாவுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பெரியவர்களுக்கு 90 யூரோ. 12 வயது நிறைந்தவர்களுக்கும் அதே கட்டணம் என்பதால் மகனுக்கும் 90, மகளுக்கு மட்டும் 45. ஆக 315 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், வைப்பு நிதி ரசீதைக் காட்டிப் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அங்கே போன பிறகு மிச்சப்படுத்த வழிகள் நிறைய உண்டு. ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம் இருக்கும் பெல்வெடேர் அரண்மனையிலும், 1891-இல் திறக்கப்பட்ட கலை வரலாற்று அருங்காட்சியகத்திலும் 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஆகவே உங்களுக்கு இரண்டு டிக்கெட் போதும். 1,441 அறைகள் கொண்ட ஷோன்புருன் அரண்மனையின் உள்ளே பிள்ளைகளுக்கும் கட்டணம் உண்டு, ஆனால் அதன் பரந்த தோட்டத்துக்கு இல்லை. அரசு ஓபரா அரங்கில் நின்று பார்க்கும் இடங்கள் மலிவு. ஜூலை, ஆகஸ்டில் அது விடுமுறையில் இருக்கும் என்பதால் மே மாதம் அந்த வகையிலும் நல்லது. விமான நிலையத்திலிருந்து சிட்டி ஏர்போர்ட் டிரெயினில் ஏறாமல் எஸ்7 புறநகர் ரயிலில் ஏறுங்கள்; சுமார் பத்து நிமிடம் கூடுதலாகும், கட்டணமோ வெகு குறைவு. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருவது, அதனால் பாட்டில் வாங்கவே வேண்டாம்.

கடைகளில் கார்டு இயந்திரம் ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிட்டு யூரோவையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அந்த ரூபாய் மாற்று விகிதத்தில் கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கும்.