கமிஷனர் பாட்டனார்

அன்புள்ள ஐயா,

பர்மாவுக்கு வந்த மதராஸ் சிப்பாய்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் பகோவில் இருக்கிறேன். என் பாட்டனாருக்குப் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு மாண்டலே சண்டைக்கு வந்தவர். சுபேதாராக இருந்தார், சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் அவரைக் கமிஷனராக்கினான் என்று எங்கள் ஆயா சொல்வார். அவருடைய வெள்ளிப் பதக்கம் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது. விளக்குப் புகையில் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் செம்பு நிறம்தான் வருகிறது. விளிம்பில் அவர் பெயரும் 'கமிஸ்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகளும் தெரிகின்றன, மற்றவை தேய்ந்துவிட்டன. பர்மிய எழுத்தில் பழைய வரி ரசீதுகள் ஒரு கட்டும், வெள்ளி சுற்றிய உறையில் ஒரு தாவும், அதாவது பர்மிய வாளும், உண்டு. என் சித்தப்பா சென்னைக்குப் போனபோது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் சுபேதார்களைத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் எந்த ரெஜிமெண்ட், எந்த ஊர்க் கமிஷனர், எங்கள் பூர்வீக கிராமம் எது என்று கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், பகோ

*

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி இரண்டு நாள் பார்த்தேன். பதில் எழுதாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் வழி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாட்டனார் சுபேதார் அல்ல. சிப்பாயாகவும் இருந்திருக்க முடியாது. கமிஷனர் என்பது ஓர் ஆங்கிலச் சொல்லைப் பாதி படித்ததால் வந்த வினை.

வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள். புளி செம்புக்கும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உரியது. புளிக்கு மசிந்து உங்கள் பதக்கம் சிவந்தபோதே உண்மை வெளிவந்துவிட்டது. அது வெண்கலப் பதக்கம். 1854-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் அது. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு முடிசூட்டும் வெற்றித் தேவதை. மேலே உள்ள பட்டையில் 'பர்மா 1885-7' என்று இருக்கிறது. போரிட்டவர்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். பட்டாளத்தோடு போன டோலி தூக்கிகள், தண்ணீர் சுமப்பவர்கள், சமையல்காரர்கள், துப்புரவு செய்தவர்கள் ஆகியோருக்கு வெண்கலத்தில் கொடுக்கும் வழக்கம் இந்தப் பர்மா சண்டையிலிருந்துதான் தொடங்கியது.

'கமிஸ்' என்பது கமிஷனர் அல்ல, கமிசரியேட். பட்டாளத்துக்கு அரிசி, மாடு, வண்டி, கூலியாள் எல்லாம் சேர்த்துக் கொடுத்த இலாகா. அன்று கமிஷனர் என்றால் ஒரு கோட்டத்தையே ஆள்பவர். பட்டாளத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போனவர்கள் உண்டு. ஆர்தர் பேர் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரியில் 1812-இல் பிறந்தவர், 1828-இல் வங்காளப் படையில் சேர்ந்தவர். இரண்டாம் பர்மா சண்டைக்குப் பிறகு பெகு (உங்கள் பகோவின் பழைய பெயர்) கமிஷனர் ஆனார், 1862-இல் பிரிட்டிஷ் பர்மாவின் முதல் தலைமைக் கமிஷனர் ஆனார், பிறகு மொரீஷியஸுக்குக் கவர்னராகப் போனார். ரங்கூனில், இன்றைய யாங்கோனில், அவர் பெயரில் ஒரு தெருவே இருந்தது. இன்றைய பன்சோடான் தெரு அதுதான். உங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் சட்டையை எடுத்துப் பாட்டனாருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. தப்பில்லை. என் தாத்தா ஒரு கிட்டங்கியில் மேனேஜர் என்றுதான் நானும் நாற்பது வயதுவரை நம்பினேன். ஒரு பழைய பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே 'சமையல் ஆள் சம்பளம்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அவர் சமைத்திருக்கக்கூடிய குழம்பைப் பற்றி யோசிக்கிறேன்.

அந்தச் சண்டை எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1885 நவம்பர் 14-இல் பிரிட்டிஷ் படையினர் தயெட்மியோவிலிருந்து நீராவிக் கப்பல்களில் ஐராவதி ஆற்றின் மேல்நோக்கிப் புறப்பட்டார்கள். பதினைந்தே நாளில் பர்மாவின் திபா மன்னரை மாண்டலே அரண்மனையிலிருந்து வெளியே கூட்டி வந்து கப்பலில் ஏற்றிவிட்டார்கள். 1886 ஜனவரி 1-இல் நாட்டைப் பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைத்தாயிற்று. உண்மையான சண்டை அதன் பிறகுதான். வருஷக்கணக்கில் காட்டிலும் மலையிலும் நீடித்தது. குண்டைவிடக் காய்ச்சலும் பேதியும் காலராவும்தான் அதிகம் பேரைக் கொன்றன. விழுந்த சிப்பாயை மூங்கில் கழியில் தொங்கும் டோலியில் போட்டுத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஆற்றங்கரைவரை தூக்கி வந்தவர்கள் இந்த வெண்கலப் பதக்கக்காரர்கள். கையில் துப்பாக்கி கிடையாது. உங்கள் பாட்டனார் டோலி தூக்கினாரா, மாடு ஓட்டினாரா என்பதை விளிம்பே சொல்லும். பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்புங்கள்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன ரசீதுக் கட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ரசீது என்பது வரி கட்டியவன் வீட்டில் இருக்கும். உங்களிடம் இருப்பவற்றில் பத்துப் பதினைந்து பேருடைய பெயர்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே ஆண்டு. ஓரம் கிழிந்திருக்கிறது. தம்பி, அவை அடிக்கட்டைகள். வசூலித்தவன் வீட்டில்தான் அடிக்கட்டை தங்கும். பர்மிய எண்களில் தொகை ஐந்து ரூபாய், இல்லையென்றால் இரண்டரை ரூபாய். கீழ்ப் பர்மாவின் தலைவரி அது: மணமானவனுக்கு ஐந்து, தனியாளுக்கு இரண்டரை.

ஆக, அவர் ஊர்த் தலைவர், பர்மியர் சொல்லும் தூஜி. தலைமைக் கமிஷனர் கிராஸ்த்வைட் காலத்தில், 1887-இல் மேல் பர்மாவுக்கும் 1889-இல் கீழ்ப் பர்மாவுக்கும் கிராமச் சட்டம் வந்தது. ஊருக்கு ஒரு தூஜி என்று ஆக்கி, வரி வசூல், சில்லறை வழக்கு, கொள்ளைக்காரன் வந்தால் ஊரைத் திரட்டுவது, புது முகம் தங்கினால் தகவல் சொல்வது எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார்கள். தவறினால் அபராதம் ஊர் முழுவதற்கும். சுபேதாருக்கு இந்த வேலை கிடைத்திருந்தால் எனக்கு வியப்பில்லை. கூலியாக வந்து இறங்கிய ஒருவர், பர்மிய எழுத்தில் ரசீது கிழித்துக் கொடுக்கும் இடத்துக்கு எப்படி வந்தார்? கமிஷனர் கதையைவிட இது எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது.

தூஜிகளில் துணிச்சலாக நடந்தவர்களுக்கு அரசு வெள்ளி வாள் கொடுத்தது. 'வீரத்துக்காக வெள்ளி வாள் பெற்றவர்' என்பதே பட்டம். பெயருக்குப் பின்னால் டி.டி.எம். என்று போட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டுத் தா அதுவாகவும் இருக்கலாம், கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். வெள்ளி உறை போட்ட தாக்கள் பர்மாவில் ஏராளம். உறையில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து புளியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பூர்வீக கிராமத்துக்கு வருகிறேன். சிப்பாயாக இருந்திருந்தால் ரெஜிமெண்ட் பதிவேட்டில் தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். கமிசரியேட் ஆட்களுக்கு அவ்வளவு மை செலவழிக்கவில்லை. வீட்டார் பாசத்தோடு கொடுத்த பதவி உயர்வு உங்கள் சித்தப்பாவை நான்கு நாள் தவறான அலமாரி முன் நிறுத்தியிருக்கிறது. அடுத்த முறை எழும்பூரில் கமிசரியேட் கோப்புகளைக் கேட்கச் சொல்லுங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் பதக்கப் பட்டியல்களும் உண்டு. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ராமசாமியை நான்கு விதமாகத் தேட வேண்டியிருக்கும்.

ஆயாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. நான் என் அம்மாவிடம் சமையல் ஆள் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. யாங்கோன் வரும்போது அடிக்கட்டைகளைக் கொண்டுவாருங்கள், துணியில் சுற்றி. மடிக்க வேண்டாம், அந்தத் தாள் மடிப்பில்தான் முதலில் உடையும்.

அன்புடன்.